மஞ்சள் குருசு

கிருஷ்ணசாமியின் தொழிலில் அதிர்ச்சி என்பது நாம் காட்டுவது, நமக்கு வருவதல்ல. மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் பழைய சாமான் கடை வைத்து இருபத்தேழு வருஷம். யாராவது விலை சொன்ன மாத்திரத்தில் அவருடைய வலது கை எழுந்து போய் நெஞ்சில் உட்காரும். கண் விரியும். இடது கை நாற்காலியின் பிடியைத் தேடும். “இந்தக் காலொடிஞ்ச அலமாரிக்கா?” என்று பாதி மூச்சில் ஒரு கேள்வி வரும். அந்தப் பாதி மூச்சுக்கே விலையில் கால் பங்கு கரைந்துவிடும். நாளடைவில் கை பழகிப்போய், சாம்பாரில் உப்புக் கூடினாலும் நெஞ்சுக்குத்தான் போனது. ஆக, நிஜமான அதிர்ச்சி என்று ஒன்று வந்து சேர்ந்தால் அதை எந்த முகத்தால் காட்டுவது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை காலை, ஒன்பது மணி வாக்கில், டீ குடிக்க வந்த ஜூலியன் மூலமாக வந்து சேர்ந்தது.

ஜூலியனுக்கு அறுபத்தெட்டு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’. தெருவில் எல்லோருக்கும் அவர் முசே. தினமும் கடைக்கு வருவார், எல்லாச் சாமானையும் தொட்டுப் பார்ப்பார், ஒன்றையும் வாங்க மாட்டார். வாங்கவே மாட்டார் என்று தெரிந்த ஒருவரிடம்தான் வியாபாரி நிம்மதியாக உண்மை பேச முடியும். அதனாலேயே கிருஷ்ணசாமிக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

“முசே, இதப் பாருங்க,” என்று செல்போனை நீட்டினார். “குருசுக்குப்பத்துல கொசுறா அடிச்சது.”

குருசுக்குப்பத்தில் பிரிஸ்கில்லா டீச்சர் பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு லாஸ்பேட்டையில் பிளாட்டுக்குக் குடிபோகிறார். தேக்கு அலமாரி ஒன்றை விற்க ஆள் அனுப்பியிருந்தார். அலமாரிக்குப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கிருஷ்ணசாமியின் கண் ஜெப மேடைக்குப் போனது. மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், மெழுகு வழிந்து இறுகிய இரும்பு பீரங்கிக் குண்டு ஒன்று நின்றது. முழங்கை நீளம் இருக்கும். மூக்கில் திருகு மூடி. வயிற்றில் பளிச்சென்று ஒரு மஞ்சள் சிலுவை.

டீச்சருடைய தாத்தாவின் அப்பா, முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். சண்டை முடிந்து ஜெர்மன்காரன் விட்டுவிட்டு ஓடிய குவியலில் சிலுவை போட்ட குண்டு ஒன்றைக் கண்டு, கொல்ல வந்ததிலும் கர்த்தர் தன் அடையாளத்தை வைத்திருக்கிறாரே என்று டிரங்குப் பெட்டியில் சுற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். அன்று முதல் அது சாமி மேடையில். பெயிண்ட் மங்கக் கூடாது என்று வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால் எனாமல் வாங்கி, சிலுவையை அதே கோட்டின் மேல் புதுப்பிப்பது அந்த வீட்டு வழக்கம். வருகிற மருமகள்தான், பிளாட்டுக்குள் குண்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

“மரியாத உள்ள எடத்துல வைக்கணும் அண்ணே,” என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஓட்டல் வாசல்ல, விளக்கு போட்டு வைக்கப் போறாங்க டீச்சரம்மா. உங்க வீட்டுல கூட இவ்ளோ வெளிச்சம் கிடைக்காது,” என்றார் கிருஷ்ணசாமி. அலமாரி விலையில் குண்டும் சேர்ந்து வந்தது.

ஜூலியன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு இன்னும் பெரிதாக்கினார். டீ கிளாஸை மேசையில் வைத்தார். மேசை இருந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி வைத்ததால் அது கீழே விழுந்து உடைந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

“அடியில இருந்த பழைய பெயிண்டும் மஞ்சள்தானா?”

“அதே மஞ்சள்தான். அது மேலயே அடிச்சிருக்காங்க.”

“ஆட்டிப் பாத்தியா?”

“பாக்காம எடுப்பனா? உள்ள களக் களக்னு ஒரு சத்தம்.”

“இப்ப எங்க இருக்குது?”

“தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல, பாவாடன்னு ஒருத்தன் லேத்துல. அடியில ஓட்ட போட்டு ஒயர் விடணும். ஓட்டலுக்கு டேபிள் லேம்ப் கேட்டாங்க.”

ஜூலியன் எழுந்துவிட்டார். குரல் மட்டும் உட்கார்ந்தே இருந்தது. அவ்வளவு தணிவாகப் பேசினார்.

“கிருஷ்ணசாமி, அது குருசு இல்ல. சரக்கு என்னன்னு கம்பெனிக்காரன் போடற குறி. ஜெர்மன்காரன் கலர் கலரா போட்டான். பச்சன்னா நுரையீரலுக்கு. நீலம்னா தும்மி வாந்தி எடுத்து முகமூடியக் கழட்ட வைக்கறதுக்கு. மஞ்சள்னா தோலுக்கும் கண்ணுக்கும். உள்ள ஆடறது கடுகு வாயு. பேர்தான் வாயு, பாக்கறதுக்கு எண்ணெ மாதிரி இருக்கும். வடக்கு பிரான்ஸ்ல வயல உழுதா இன்னிக்கும் இது கிளம்புது. கடைசி ஆறு வருஷம் நான் பொறுக்கினது இதத்தான்.”

“நூறு வருஷம் ஆயிடுச்சே முசே. கெட்டுப் போயிருக்காதா?”

“மூடி தொறக்காத வரைக்கும் நேத்து ஊத்தின மாதிரியே இருக்கும்.”

கிருஷ்ணசாமியின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. மேசை மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி கிடந்தது. நூறு வருஷமாக ஒரு குடும்பம், விஷப் புட்டியின் லேபிள் அழிந்துவிடாமல் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றி வந்திருக்கிறது. அந்த லேபிளைப் பார்த்தும் அதை ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, ஸ்கூட்டர் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் அணைத்து ஓட்டிக்கொண்டு போனது அவர்.

பாவாடைக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். லேத்து ஓடிக்கொண்டிருந்தால் பாவாடைக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. லேத்து ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஷட்டரைக் கூட இழுக்காமல் இருவரும் ஸ்கூட்டரில் ஏறினார்கள். பயம் வந்தால் சிலருக்கு வாய் கட்டிப்போகும். ஜூலியனுக்குத் திறந்துகொண்டது. காமராஜர் சாலை நெரிசலில், பின்னால் உட்கார்ந்து கிருஷ்ணசாமியின் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார்.

“ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினஞ்சு, ஏப்ரல் மாசம். பெல்ஜியத்துல ஈப்ர்னு ஒரு ஊரு. ஆயிரக்கணக்குல குளோரின் சிலிண்டரப் பொதச்சு வச்சிட்டு, காத்து திரும்பட்டும்னு நாள் கணக்கா உக்காந்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் எங்க பக்கம் திரும்புச்சு. தொறந்து விட்டுட்டான்.”

‘எங்க பக்கம்’ என்றால் பிரெஞ்சுக்காரன் பக்கம். பென்ஷன் வருகிற பக்கம்.

“தரையோட தரையா பச்சையா ஒரு பனி மாதிரி வந்துதாம். பதுங்கு பள்ளத்துல இருந்தவன் அல்ஜீரியாக்காரனும் வயசான பிரெஞ்சுக்காரனும். என்னன்னே தெரியல. காஞ்ச தரையில நின்னுக்கிட்டு, தண்ணியில மூழ்கறவன் மாதிரி செத்தாங்க.”

“எவன் முசே யோசிச்சது இத?”

“பெரிய கெமிஸ்ட்ரி வாத்தியார். காத்துல இருந்து உரம் செய்ய வழி கண்டுபிடிச்சவரு. அவரு வழியிலதான் இன்னிக்கும் பாதி உலகத்துக்கு சோறு. சண்ட முடிஞ்சதும் அதுக்கு நோபல் பரிசும் குடுத்தாங்க.”

கிருஷ்ணசாமி ஒரு ஆட்டோவை உரசிக்கொண்டு போனார். ஆட்டோக்காரன் அவருடைய பரம்பரையை விசாரித்தான்.

“பிரெஞ்சுக்காரன் சும்மா இருந்தானா? இங்கிலீஷ்காரன் சும்மா இருந்தானா? அவனும் செஞ்சான், இவனும் செஞ்சான். எல்லாருக்கும் முகமூடி வந்துது. முகமூடி போட்டவன் சாக மாட்டேங்கறானே, அப்ப தோல் வழியா போற மாதிரி ஒண்ணு செய்னு ரெண்டு வருஷம் கழிச்சு ஜெர்மன்காரன் இத எறக்கினான். மஞ்சள் குருசு.”

பேரம் என்றால் கிருஷ்ணசாமிக்குத் தெரியும். ஒருவன் ஒன்று சொல்வான், மற்றவன் ஒன்று சொல்வான், நடுவில் எங்கோ இருவரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் மாற்றி ஆள் ஏற்றிக்கொண்டே போன இப்படி ஒரு பேரத்தை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அதில் யாருமே இறங்கி வரவில்லை.

ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. மேலே தொண்ணூறு என்று எண் எரிந்து ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது.

“மேல பட்டா ஒடனே தெரியுமா?” என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

“அதான் அதோட கெட்டிக்காரத்தனம். ஒண்ணும் தெரியாது. வலிக்காது, எரியாது. லேசா பூண்டு வாசன, கடுகு வாசன வரும். அவ்ளோதான். பட்டவன் சிரிச்சுப் பேசிட்டு, சாப்ட்டுட்டுப் படுப்பான். நாலு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழிச்சுக் கண்ணு மூடிக்கும். தோல் கொப்புளிச்சுக் கழண்டு வரும்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த லேத்துக்காரன் உள்ள ஆடறதக் கேக்காமலா இருப்பான்? உங்கிட்ட ஒண்ணும் கேக்கலியா?” என்றார்.

கேட்டான். நேற்று சாயங்காலம், குண்டைக் கையில் வாங்கியதுமே கேட்டான். ‘உள்ள என்னமோ ஆடுது அண்ணே, வெடிச்சு கிடிச்சுத் தொலைக்குமா?’ அவன் கூலியை ஏற்றுவதற்கு அடி போடுகிறான் என்று கிருஷ்ணசாமிக்குப் பட்டது. ‘போலீஸ் பாம் ஸ்குவாடே பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தாச்சு. உள்ள மழத்தண்ணிதான். தைரியமா போடு,’ என்றார். ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பையில் தேடிக்கொண்டே சொன்னது. அதைப் பொய் என்று கூட அவர் நினைக்கவில்லை. கல்லாவில் இருக்கிற கிழிந்த நோட்டு மாதிரி, எப்போதும் கைவசம் இருப்பதில் ஒன்று.

“கேக்கல முசே,” என்றார்.

முதல் தடவையாக, வாங்கவே மாட்டார் என்று தெரிந்த ஆளிடம் பொய் சொன்னார். எண் நாற்பத்தொன்றில் இருந்தது. அவர் சிவப்பிலேயே வண்டியை விட்டார்.

பாவாடையின் லேத்துக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியபோது சத்தமே இல்லை. லேத்து நின்றிருந்தது. பாவாடை வாசலில் ஸ்டூல் போட்டு டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது, திருக்கனூர்ப் பக்கத்து ஆள். குலசாமி பாவாடைராயன் பெயரை வைத்திருந்தார்கள். இரும்பு விஷயத்தில் அவன் கை சொன்னால் சொன்னதுதான்.

“வாங்கண்ணே. வேல முடிஞ்சுது,” என்றான். “தண்ணின்னீங்க, எண்ணெ இல்ல வருது? நல்ல ஊறுகா வாசன. பூண்டு ஊறுகா.”

அவன் இடது முன்கையில் எண்ணெயைத் துடைத்த பளபளப்பு இருந்தது. பேன்ட்டின் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பட்டறைக்குள்ளே, லேத்தில் மாட்டியிருந்த குண்டின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, கீழே டிரேயில் விழுந்தது.

ஜூலியன் பக்கத்தில் போகவில்லை. தெருமுனைக் கட்சிக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். காற்று வருகிற பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு, “தம்பி, அப்படியே எழுந்து இந்தப் பக்கம் வா. எதையும் தொடாத. மூஞ்சியத் தொடாத,” என்றார்.

பாவாடை அவரைப் பார்த்தான். பிறகு கிருஷ்ணசாமியைப் பார்த்தான். கிருஷ்ணசாமியின் கை அப்போது நெஞ்சில் இருந்தது. இந்த முறை அவர் வைக்கவில்லை, அதுவாகப் போயிருந்தது. கண் விரிந்திருந்தது. மூச்சு பாதியில் நின்றது.

பாவாடை சிரித்தான்.

“ஆரம்பிச்சுட்டீங்களா? சாருதான் இந்தத் தடவ எக்ஸ்பர்ட்டா? போன தடவ தொங்கு விளக்குக்கு ஒருத்தரக் கூட்டியாந்தீங்களே, அவரு மூஞ்சி இன்னும் நல்லா இருந்துது. ஓட்ட கோணலா இருக்குன்னு சொல்லப் போறாரா, பெருசா இருக்குன்னு சொல்லப் போறாரா?”

“பாவாட, அது விஷம். உன் மேல பட்டிருக்கறது விஷம். சட்டையக் கழட்டு.”

“சட்டையுமா? கூலியக் கொறச்சுக்குங்கண்ணே, சட்டைய விட்டுடுங்க.”

“சத்தியமா சொல்றேன்யா.”

“நீங்க சத்தியம் பண்ணாதான் எனக்கு பயமே. எங்க எரியுது, எங்க வலிக்குது? பாருங்க,” என்று முன்கையை நீட்டிக் காட்டி, அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். “எண்ணூறு பேசினோம். எண்ணெ வேற தொடச்சிருக்கேன். ஆயிரமா குடுங்க, அப்புறம் விஷத்தப் பத்திப் பேசலாம்.”

கிருஷ்ணசாமி பர்ஸை எடுத்தார். உள்ளே இருந்ததை அப்படியே உருவி, பார்க்காமல், ஸ்டூல் மேல் வைத்தார். ஐந்தாயிரத்துக்கு மேல் இருக்கும். பிறகு பர்ஸையும் அதன் மேல் வைத்தார்.

பாவாடை ஸ்டூலைப் பார்த்தான். பன்னை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பதினாறு வருஷத்தில் இந்த மனிதர் கேட்ட கூலியைக் கொடுத்ததில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“அண்ணே,” என்றான். “எனக்கு என்னாண்ணே ஆவப்போவுது?”

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஜூலியன் சொன்னபடி. பக்கத்துப் பட்டறைகளைக் காலி செய்தார்கள். போலீசுக்கும் தீயணைப்புக்கும் கிருஷ்ணசாமியே போன் போட்டார். ஜூலியன் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, கத்தரிக்கோலால் பாவாடையின் சட்டையையும் பேன்ட்டையும் வெட்டி எடுத்தார். ஓஸ் பைப்பை வைத்துத் தலையிலிருந்து ஊற்றி, சோப்புப் போட்டு, மறுபடி ஊற்றினார். எஸ்டேட்டே காற்று வருகிற பக்கம் கூடி நின்று பார்த்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஜட்டியோடு நின்ற பாவாடை வெட்கப்படக் கூட மறந்து, “கண்ணுல நல்லா ஊத்துங்க சார், கண்ணுல நல்லா ஊத்துங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது கூட இருக்காது. “எங்க புக்குல இதப் பத்தி அரைப் பக்கம் இருந்துது. பரிட்சைக்கு வராதுன்னு விட்டுட்டோம்,” என்றாள். ஆனால் ஒன்றையும் விடாமல் கேட்டாள். எத்தனை மணிக்குப் பட்டது, எத்தனை மணிக்குக் கழுவினீர்கள், மோந்து பார்த்தானா, கண்ணைத் துடைத்தானா. ஜூலியன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். முறிக்கிற மருந்து என்று ஒன்று கிடையாது, வருவது வரட்டும் என்று காத்திருந்து வைத்தியம் பார்க்க வேண்டியதுதான் என்றாள்.

காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. பாவாடையின் கை, பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. ஒரு மணிக்கு அவனுக்குப் பசித்தது. அவன் மனைவி துர்கா ஓடிவந்து சேர்ந்தாள். நேரே கிருஷ்ணசாமியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீங்க மட்டும் ஓடி வரலன்னா இது அதே கையால சோத்தப் பெசஞ்சு தின்னுருக்கும் அண்ணே. போலீஸ் பாத்து சர்ட்டிபிகேட் குடுத்த குண்டுன்னு நேத்து எங்கிட்ட சொல்லுச்சு. போலீஸ்காரங்க எப்படிண்ணே இப்படிப் பண்ணுவாங்க?”

கிருஷ்ணசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் ஜூலியன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். அதற்குள் போன் அடித்தது. பிரிஸ்கில்லா டீச்சர்.

“டிவியில காட்டறாங்களே, அது எங்க குருசா அண்ணே?”

“ஆமா டீச்சரம்மா.”

அந்தப் பக்கம் டிவி அணைக்கப்பட்டது.

“பிள்ளைங்க பரிட்சைக்குப் போறப்ப அதத் தொட்டு நெத்தியில குருசு போட்டு அனுப்புவோம்,” என்றார் டீச்சர். “காய்ச்சல் வந்தா அது பக்கத்துல படுக்க வைப்போம். எங்க அப்பா சாகறப்ப அதுக்குத்தான் முத்தம் குடுத்தாரு.” பிறகு, எதையோ நிச்சயப்படுத்திக்கொள்கிறவர் போல், “எங்கள ஒண்ணும் பண்ணலியே. நூறு வருஷம் ஒண்ணும் பண்ணலியே,” என்றார். போன் வைக்கப்பட்டது.

ஒன்றரை மணிக்கு பாவாடை, “யாரோ கண்ணுல மண்ண வாரிப் போட்ட மாதிரி இருக்குது,” என்றான்.

இரண்டு மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னான். இரண்டரைக்குக் கண்ணிமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. துர்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மூன்றரைக்கு முன்கை சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு, உள்ளிருந்து யாரோ ஊதுவது போல் அங்கங்கே எழும்ப ஆரம்பித்தது. கிருஷ்ணசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டாணி அளவு. கண் முன்னால், கோலிக்குண்டு அளவு. உள்ளே மஞ்சளாக நீர். யாரும் அடிக்கவில்லை, யாரும் தொடவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஊரில் தொழிற்சாலைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்கு வந்த ஒருவன் ஊற்றி மூடி அனுப்பியது, தட்டாஞ்சாவடியில் ஒரு லேத்துக்காரனின் தோலில் இப்போதுதான் டெலிவரி ஆகிறது.

“இதத் தடுக்க உலகத்துல யாரும் ஒண்ணும் பண்ணலியா முசே?”

“ஆயிரத்துத் தொளாயிரத்து இருவத்தஞ்சுல ஜெனிவாவுல உக்காந்து, இனிமே போடறதில்லன்னு கையெழுத்துப் போட்டாங்க,” என்றார் ஜூலியன், ஜன்னலைப் பார்த்தபடியே. “அதுல கையெழுத்துப் போட்ட இத்தாலிக்காரன் பத்து வருஷத்துல எத்தியோப்பியாவுல ஏரோப்ளேன்ல இருந்து தெளிச்சான். கீழ ஓடினவன் பாதிப் பேருக்குக் கால்ல செருப்பு கூட இல்ல. வெள்ளக்காரன் ராவல்பிண்டியில நம்ம சிப்பாய்ங்களையே நிக்க வச்சு, எவ்ளோ பட்டா எவ்ளோ கொப்புளிக்குதுன்னு அளந்து பாத்தான். நாங்க பொறந்து வளந்து பட்டாளத்துல சேந்த பெறகு கூட, ஈராக்குக்காரன் ஈரான் மேல போட்டான். அப்புறம் சொந்த நாட்டு ஊர் மேலயே போட்டான். காலையில ரொட்டி வாங்கப் போனவங்க மேல.” அவர் திரும்பினார். “கையெழுத்து யாரு வேணாலும் போடலாம் கிருஷ்ணசாமி. காகிதம் இருக்குன்னும் யாரு வேணாலும் சொல்லலாம்.”

தான் சிக்னலில் சொன்னது பொய் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பது கிருஷ்ணசாமிக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா கண்ணுக்கு மருந்து போட்டு, கட்டுக் கட்டினாள். கண் திரும்பி வரும் என்றுதான் நம்புகிறோம், வாரக்கணக்கு ஆகும். மூச்சுக்குழாய் எப்படி என்பது இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றாள். பாவாடைக்குத் தொண்டை கம்மியிருந்தது. கட்டுக்கு உள்ளிருந்து தேய்ந்த குரலில், “லேத்துல நூல்கூடப் பிசகாது அண்ணே எனக்கு. கண்ணு வந்துடும்ல?” என்றான். “வந்துடும்,” என்றார் கிருஷ்ணசாமி. பாவாடையின் வலது கை காற்றில் தடவி, அவருடைய சட்டை நுனியைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் காகிதத்தோடு வந்தார். களைத்துப்போயிருந்தார். நாள் முழுக்க எஸ்டேட்டைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வந்தவர்.

“குண்டை எடுத்துட்டுப் போக வெளியூர்ல இருந்து ராணுவத்து ஆளுங்க வர்றாங்க,” என்றார். “ஒரே ஒரு வாக்குமூலம் போதும். குண்டு எப்படித் தொறந்துதுன்னு எழுதணும். லேத்துக்காரர் உள்ள என்னன்னு தெரியாம தானா ஓட்ட போட்டுட்டாரு. சரிதானே? அப்படியே எழுதிக்கறேன். ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நீங்க வீட்டுக்குப் போலாம்.”

எவ்வளவு நல்ல வாக்கியம். முழுப் பொய் கூட இல்லை. யாரும் பேரம் பேசாமல், தானாக இறங்கி வந்து நிற்கிற விலை. பேனா கிருஷ்ணசாமியின் கையில் இருந்தது. துர்கா நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள், நாள் முழுக்க நிற்கிறாரே என்று. பாவாடை கட்டுப் போட்ட முகத்தைக் குரல் வருகிற பக்கமாகத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“தானா போடல சார்,” என்றார் கிருஷ்ணசாமி.

அவருடைய குரல் அவரே கேட்டிராத குரலாக இருந்தது. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“அவன் கேட்டான். உள்ள என்னமோ ஆடுதுன்னு கேட்டான். பாம் ஸ்குவாடு பாத்து சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். யாரும் பாக்கல. சர்ட்டிபிகேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள ஆடறது எனக்கும் கேட்டுது. கூலி ஏத்திடுவானேன்னு சொன்னேன்.”

சப் இன்ஸ்பெக்டர் காகிதத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். துர்காவின் கை நாற்காலியின் முதுகிலேயே இருந்தது. பாவாடையின் மூச்சு மட்டும், மணல் மேல் இழுபடுகிற சாக்கு மாதிரி, போய்ப் போய் வந்தது.

சட்டை நுனியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கை திரும்பிப் போய், படுக்கை விரிப்பைத் தேடி, அதைப் பிடித்துக்கொண்டது.